லிஃப்ட் இல்லாத நாலாவது மாடி

எஜிபுரா, ஏழாவது கிராஸ்.
டெம்போவிலிருந்து குதித்தவனிடம்
"இன்னும் ஆள் வருதா?" என்றேன்.
"நான்தான் சார்" என்றான் திம்மராஜ்.
தேன்கனிக்கோட்டைப் பக்கம்.
சட்டைக்குள் ஆள் இருக்கிறானா என்று
காற்றுக்கே சந்தேகம்.

வாஷிங் மெஷினைப் பட்டையால் கட்டி
நெற்றியில் மாட்டிக் குனிந்தான்.
அனிமேயில் என்றால் இந்த இடத்தில்
இசை மாறும்,
கண்ணில் நீலமாய் ஏதோ எரியும்,
எதிரி ஒருவன் "இவனா!" என்று நடுங்குவான்.
இங்கே கழுத்தில் ஒரு நரம்பு புடைத்தது.
அவ்வளவுதான்.
மெஷின் தானே படியேறிப் போனது,
அடியில் இரண்டு ஹவாய் செருப்புகளோடு.

மைக்ரோவேவைத் தூக்கிய நான்
இரண்டாம் மாடியில் சுவரோடு பேசிக்கொண்டிருந்தேன்.

மேலே, பாதியில் நிறுத்திய லேப்டாப்.
தூங்குமூஞ்சி நாயகன்,
ஒற்றை விரல்,
பின்னால் இரண்டாய்ப் பிளந்த மலை.
ராத்திரி மூன்று மணிக்கு
நான் கைதட்டிய காட்சி.

தண்ணீர் பாட்டிலை அண்ணாந்து குடித்தபடியே
திம்மராஜ் பார்த்தான்.
"இவனா? பதினொண்ணாவது எபிசோட்ல தோத்துருவான் சார்."
வாயைத் துடைத்துக்கொண்டான்.
"மலைய உடைச்சா யாரும் கேக்க மாட்டாங்க.
மெஷின்ல ஒரு கீறல் விழட்டும்,
என் கூலியில பிடிப்பாங்க."

பிறகு இறங்கிப் போனான்,
அந்தத் தொடரின் தொடக்க இசையை
விசிலில் ஒரு சுரம் பிசகாமல்.

கீழே ஃபிரிட்ஜ் நின்றிருந்தது.
நான் இன்னும்
ஏழாவது எபிசோடில்தான் இருந்தேன்.