மீதித் தொகை

காஸல் நகர இல்லத்தில்
மாதம் மூவாயிரத்து இருநூறு யூரோ.
அம்மாவின் ஓய்வூதியம் ஆயிரத்து நானூறு.
மீதியை நான் போட்டேன், பதினெட்டு மாதம்.
முதலில் கார் போனது. பிறகு
உல்ரிக்கே என்னிடம்
எதுவும் கேட்பதை நிறுத்திக்கொண்டாள்.

விரலுக்கேற்ற வீக்கம்தானே வேண்டும்.
எல்லைக்கு அந்தப் பக்கம், போலந்தில்,
அதே கட்டில், அதே மாத்திரை, பாதி விலை.
படத்தில் மலை தெரிந்தது.
ஊர்ப் பெயரை இரண்டு முறை படித்தேன்.

ஏழு வயதில் அம்மாவைச்
சரக்கு ரயிலில் ஏற்றி அனுப்பிய ஊர்.
அப்போது அதற்கு வேறு பெயர்.
ஆளுக்கொரு மூட்டை,
வீட்டுச் சாவி கதவிலேயே இருக்க வேண்டும்
என்று உத்தரவு.
எண்பது வருடத்தில் அவள் அதைப் பேசியது
மொத்தம் ஒரு சூப் ஆறும் நேரம் இருக்கும்.

வாடகைக் காரில் ஆறு மணி நேரம்.
எல்லையில் யாரும் நிறுத்தவில்லை.
நான் மட்டும்
கொஞ்சம் மெதுவாக ஓட்டினேன்.

போழெனா நாற்காலியை மலைப்பக்கம் திருப்பினாள்.
அம்மா வெகுநேரம் பார்த்தாள்.
கம்பளியின் நுனியைப் பிடித்துக்கொண்டு
சிறுமிக் குரலில் கேட்டாள்:
"சாவி கதவில்தானே இருக்கு?"

"இருக்கும்மா."

ஒப்பந்தத்தில் ஏழு கையெழுத்து.
மாதம் இருநூறு மிச்சம் என்று
மனசு அதற்குள் கூட்டிவிட்டது, வெட்கமில்லாமல்.

அந்தக் கதவுக்குச் சாவியே கிடையாது.
நான்கு எண்கள்.
நான் வெளியே வருவதற்கு
போழெனாதான் வந்து அழுத்தினாள்,
விரலை மறு கையால் மறைத்தபடி.