ஒட்டுத்தாளுக்குப் பின்னால்

"உங்கள் கணினியின் தயாரிப்பாளரை அணுகவும்"
என்கிறது திரை.
அணுகினேன்.
தலை நிறைய எண்ணெயோடு
திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில், ஒரு மாடியறையில்
ஸ்க்ரூடிரைவரைப் பல்லில் கடித்தபடி
உட்கார்ந்திருக்கிறாள் தயாரிப்பாளர்.
அவளுக்கும் ஒன்றும் தெரியவில்லை.

ரிச்சி தெருவில் மூன்று சனிக்கிழமை அலைந்து
சேர்த்த உடம்பு இது.
போர்டு, நவ்ஃபல் கடையில் அடித்துப் பேசி வாங்கியது.
பெட்டி, மூடிப்போன பிரவுசிங் சென்டரின் மிச்சம்;
பக்கவாட்டில் இன்னும் 'கேபின் 4' என்று பெயிண்ட்.
கிராபிக்ஸ் கார்டை விற்ற பையன்
பிட்காயின் தோண்டிக் களைத்தவன்.
"மெதுவா யூஸ் பண்ணுங்கக்கா" என்று
கொடுக்கும்போது ஒருமுறை தடவிக்கொண்டான்.
பவர் சப்ளை மட்டும் புதுசு.
எந்தக் கம்பெனியும் இதைத் தன் பிள்ளை என்று சொல்லாது.

இன்று பத்தொன்பது.
நாளை இருபது என்றால் என்னவென்று
காசிமேட்டில் எல்லாருக்கும் தெரியும்:
வலைக்கடை கிளாரன்ஸ், இரண்டு ஐஸ் பேக்டரி,
போட் இன்ஜின் ஸ்பேர்ஸ் விற்கும் அண்ணன் தம்பி,
எல்லார் ஜிஎஸ்டியும் இந்தப் பெட்டிக்குள்.
பெட்டியோ அப்டேட் வேண்டும் என்கிறது.
கொடுத்தால் வாங்க மாட்டேன் என்கிறது.

சாயந்தரம் கேபிள் ஃபால்ட். கரண்ட் வந்ததே ஒன்பதரைக்கு.
அதிலிருந்து
ரீஸ்டார்ட்.
பிரிண்டரைக் கழற்றி ரீஸ்டார்ட்.
ஆன்ட்டிவைரஸைத் தூங்க வைத்து ரீஸ்டார்ட்.
பாதி இறங்கிய கோப்புகளைத் துடைத்தெறிந்து
முதலிலிருந்து.
ஒவ்வொரு முறையும் அதே பிழை எண்,
பூஜ்யத்தில் தொடங்கி எஃப்பில் முடிகிறது,
வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட் மாதிரி.

இணையத்தில் போய்ப் பார்க்கலாமென்றால்
வங்கி போலியாம். அரசாங்கம் போலியாம்.
நாளை மழை வருமா என்று சொல்லும் பக்கம்கூட
பொய்ச் சான்றிதழ் வைத்திருக்கிறதாம்.
ஊரில் இது ஒன்றுதான் யோக்கியன்.

பதினொன்றுக்கு நெட்காரர் தணிகைவேலுவை எழுப்பிச்
சத்தம் போட்டேன்.
"மேடம், அதே லைன்ல என் வீட்ல படம் ஓடுது" என்றார்.
மன்னிப்புக் கேட்காமல் போனை வைத்தேன்.
அதை நாளைக்குச் செய்யவேண்டும்.

அப்புறம் நடந்ததில் என் திறமை எதுவும் இல்லை.
உப்புக்காற்றில் பசை காய்ந்து
மானிட்டரின் வலது கீழ்மூலையில் இருந்த மஞ்சள் தாள்
(கிளாரன்ஸின் ஜிஎஸ்டி எண், பதினைந்து எழுத்து)
ஃபேன் காற்றுக்கு விழுந்தது.
பின்னால் கடிகாரம்:
2019 ஜனவரி 1, அதிகாலை இரண்டரை.

போர்டில் ஒரு காசு அளவு பேட்டரி உண்டு.
கரண்ட் இல்லாதபோது நேரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது
அதன் ஒரே வேலை.
இன்று சாயந்தரம் விட்டுவிட்டது.

பெட்டியின் கணக்கில்
மெட்ரோ இன்னும் விம்கோ நகர் வரவில்லை.
என் வாடகை ஆறாயிரம்.
மாஸ்க் போட்டவர்கள் ஆஸ்பத்திரிக்காரர்கள்.
வலைக்கடைக் கல்லாவில் கிளாரன்ஸின் அப்பா
நூல்கண்டை எடை போட்டுக்கொண்டிருக்கிறார்.
உலகம் நீட்டும் சான்றிதழ்கள் எதுவும் இன்னும் பிறக்கவில்லை;
பிறக்காததை அது எப்படி நம்பும்?
பாவம், சரியாகத்தான் யோசித்திருக்கிறது.

தேதியைத் திருத்தும்போது
கை ஒரு நொடி நின்றது, மறைப்பானேன்.
ஆனால் நாளை இருபது.

நள்ளிரவில் பேட்டரிக்கு எங்கே போவது?
குளியலறையில் எடை பார்க்கும் மெஷினைக் கவிழ்த்தேன்.
அதே அளவு, அதே வட்டம்.
கொஞ்ச நாள் என் எடை எனக்குத் தெரியாமல் இருக்கட்டும்.

நாலு சதவீதம். பதினொன்று. முப்பது.
அறுபத்தொன்றில் வெகுநேரம் நின்று,
நான் தொடாமல் இருந்ததால் நகர்ந்தது.
முடிந்தபோது இரண்டரை,
இம்முறை நிஜ இரண்டரை.
"புதிய அம்சங்களைப் பார்க்க விருப்பமா?" என்றது பெட்டி.

'பிறகு' என்பதை அழுத்தினேன்.
மஞ்சள் தாளை எச்சில் தொட்டு
இடது மூலையில் ஒட்டினேன்.