மூச்சப் பிடிங்க

பரேல். இரவு இரண்டு பத்து.
எந்திரம் இந்தியில் சொல்கிறது: சாஸ் ரோக்கோ.
குருசுமுத்துவுக்கு அது பிடிபடவில்லை.
மைக்கை அழுத்தி நான் சொல்கிறேன்,
"மூச்சப் பிடிங்கண்ணே."

பழைய சால்களை இடிக்கப் போனவர்.
சுவருக்குள் இருந்ததை எல்லோரும்தான் சுவாசித்தார்கள்.
இவருடைய வெள்ளையணுக்களை மட்டும்
ரத்தப்புற்று மருந்து
துடைத்துப் போட்டிருந்தது.

போன முறை
வலது நுரையீரலில் ஒரு வெள்ளை முடிச்சு,
சுற்றிலும் புகைமூட்டமாய் ஒரு வளையம்,
மாதா படத்தில் தலைக்குப் பின்னால் இருக்குமே, அப்படி.
இது ரத்தக் கசிவு.

ரொட்டியில் பூசணம் பூத்தால் கிள்ளி எறிவோம்.
இங்கே எங்கே கிள்ள?

இன்று முடிச்சின் ஓரம் விட்டிருக்கிறது,
கறுப்பாய், மெலிதாய்
காற்றின் பிறை.
"ஓட்டை விழுந்திருச்சே" என்கிறான் பயிற்சி டாக்டர்.
டாக்டர் மெஹ்ரூ தேநீரைக் கீழே வைக்கவில்லை.
"அணு எண்ணிக்கையைப் பார்.
போன வாரம் அறுபது, இன்றைக்கு ஆயிரத்து நூறு.
அவருடைய ஆட்கள் திரும்பி வந்து கடிக்கிறார்கள்."
இருமலில் ரத்தம் வரலாம்,
அதையும் எழுது என்றார்.
கீழ்ப்பகுதி அசைந்திருக்கிறது, மறுபடி எடு.

எடுத்தேன். பிறையையே பார்த்திருந்தேன்.
கண்ணாடிக்கு அப்பால்
கன்னம் உப்பி, கண் பிதுங்கி
இன்னும் பிடித்துக்கொண்டு கிடக்கிறார்.

"விடுங்கண்ணே, விடுங்க."