முந்நூற்று எழுபத்திரண்டை ஆறால் வகுத்தால்

அறுபத்திரண்டு. மிச்சமில்லை.
அதனால்தான் அந்தப் புட்டியைத் தேர்ந்தோம் என்பாள் ஒடில்.
மீதி வரும் கணக்கு அவளுக்குப் பிடிக்காது.

தீஜோன் நகரம், மாதத்தின் கடைசி வியாழன்,
ட்ராம் ஓட்டும் மிரெய் வீட்டு நாலாம் மாடி.
தனி ஒருவராக அதை வாங்கக்கூடியவர்
எங்களில் யாருமில்லை.
பஸ்தியான் பொய்ப்பல் செய்பவன்,
அர்மெல் தபால் கொடுப்பவள்,
ஒடில் பள்ளிச் சாப்பாட்டுக்கூடத்தில் கணக்கு,
நான் இரவுப்பணிச் செவிலி.
எனக்குக் கல்யாணமான வருடத்தில் பிழிந்த திராட்சை.
கல்யாணம் நிற்கவில்லை,
ஒயின் நிற்கும் என்று நம்பினோம்.

பட்டறையிலிருந்து அளவுக்குழாய் கொண்டுவந்தான் பஸ்தியான்.
நூற்றிருபத்தைந்து மில்லி, ஆறு முறை.
கோட்டுக்கு நேராகக் கண்ணை வைத்து
குனிந்தே இருந்தாள் ஒடில்.
கடைசிக் கோப்பையில் வண்டல்.
அதை மிரெய் எடுத்துக்கொண்டாள், வீட்டுக்காரி என்பதால்.

முகர்ந்தோம்.

மழையில் நனைந்த அட்டைப்பெட்டி.

யாரும் சொல்லவில்லை.
அறுபத்திரண்டு யூரோ கொடுத்த மூக்கு
அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்ளுமா?
"காளான்" என்றாள் அர்மெல், மரியாதையாக.
"காட்டுத்தரை" என்றான் பஸ்தியான்.
"கொஞ்சம் காற்றாடட்டும்" என்றேன் நான்,
விடிவதற்குள் போய்விடுவார் என்று தெரிந்தும்
நோயாளியின் உறவினரிடம் பேசும் அதே குரலில்.

கோப்பையைக் கீழே வைத்தவன் கொராந்தன்.
அடுமனை மூடியதிலிருந்து தவணையில் கட்டுபவன்,
இன்னும் இருபது யூரோ பாக்கி.
"பாக்கிக்காரன் பேசக்கூடாது" என்றான்,
"ஆனாலும் இது தக்கை தின்ற ஒயின்."

ஆறு பேரும் ஒன்றாக மூச்சுவிட்டோம்.

அப்புறம்தான் சண்டை.
அந்த இருபது இன்னும் பாக்கியா, இல்லையா?
கெட்டதுக்கு யாராவது காசு கொடுப்பார்களா என்றாள் மிரெய்.
நாம் கொடுத்தோமே என்றாள் ஒடில்.
மாட்டிறைச்சிக் குழம்பில் ஊற்றலாம் என்றான் பஸ்தியான்,
கொதித்தாலும் போகாத வாடை என்று தெரிந்தே.
இதற்கிடையில் மேசைக்கடியில் கிடந்த
நாலு யூரோ ஒயின் இரண்டு புட்டி காலி.
அதை யார் எவ்வளவு குடித்தார்கள் என்று
எந்தக் குழாயும் அளக்கவில்லை.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
கழுவுதொட்டி முன்னால் வரிசையில் நின்று
அவரவர் பங்கை அவரவர் ஊற்றினோம்.
கடைசியாகக் கொராந்தன்.
நாற்பத்திரண்டு யூரோ மதிப்புக்கு ஊற்றி நிறுத்தி
கோப்பையை ஒடிலிடம் நீட்டினான்:
"மீதி இன்னும் என்னுடையதில்லை."

ஒடில் அதைக் கொட்டவில்லை.
முகம் சுளித்து,
ஒரே மடக்கில் குடித்தாள்.
நோட்டில் ஏதோ எழுதினாள், யாருக்கும் காட்டவில்லை.

தக்கையை எறிய மனம் வரவில்லை.
இந்த மாதம் என் வீட்டில் இருக்கிறது,
உப்பு ஜாடிக்குப் பக்கத்தில்.
அடுத்த மாதம் அர்மெல் முறை.