வாயில் பஞ்சு

மிண்டேலோவுக்குப் போகிறோம் என்றதும்
பக்கத்து வீட்டில் கேட்டார்கள்: பாட்டுக்கா?
பல்லுக்கு, என்றேன்.
ஒர்லாண்டாவின் கீழ்த்தாடைக் கடைவாய்ப்பல்.
எங்கள் தீவுக்குப் பல் பிடுங்குபவர்
வியாழக்கிழமை வருவார்;
எந்த வியாழன் என்று சொல்வதில்லை.

காலை ஏழு மணிக் கப்பல். கடல் சரியில்லை.
பணியாள் ஒருவன் வரிசை வரிசையாக
நற்கருணை கொடுப்பதுபோல்
பிளாஸ்டிக் பைகளைக் கொடுத்துக்கொண்டு வந்தான்.
ஜனில்சன் இரண்டு வாங்கினான், இரண்டையும் நிரப்பினான்.
எட்னேயாவுக்குப் பதினைந்து வயது,
காதில் கருவியை மாட்டிக்கொண்டு
எங்களைத் தெரியாதவள்போல் மேல்தட்டில் நின்றாள்.
என் மடியில் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி ஆறு,
தெயோஃபிலோவுக்கு. அவன் வீட்டுக் கூடத்தில்தான்
இரவு படுக்கை.

நான் மலைச்சாலையில் வேன் ஓட்டுபவன்.
பதினாலு இருக்கை, பதினெட்டுப் பேர், ஒரு பன்றிக்குட்டி.
வளைவுகளில் அடிக்கும் ஹாரன்தான் என் வாத்தியம்.
பாடுவது அவள்.
பாத்திரம் கழுவும்போது பாடுவாள்,
என்னோடு பேசுவதில்லை என்று முடிவெடுத்த நாட்களில்
இன்னும் கூடுதலாக.
சண்டையின் நீளத்தை நான் சரணங்களால் அளப்பேன்.

அந்த ஊரில் கல்லெறிந்தால்
ஒரு கித்தார்காரன் மண்டையில் விழும்.
தப்பினால் அவன் மைத்துனன் மேல்,
அவன் வயலின்.
பல் மருத்துவர்கூட ஊசி ஏற்றும்போது
மூக்கால் ஒரு மெட்டு இழுத்தாராம்.
சுருதி சேரவில்லை என்று
ரசீதின் பின்பக்கம் எழுதிக் காட்டினாள்.
பல் போன பிறகு அவள் சொன்ன முதல் வாக்கியம் அது.

வெளியே மதியக் காற்று.
விரிகுடாவுக்கு அப்பால்
மல்லாந்து படுத்த முகம்போல் அந்த மலை.
அதுக்கும் தாடை வீங்கியிருக்கு, என்றான் ஜனில்சன்.
சிரிக்கப் போனவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு
அவன் தலையில் குட்டினாள்.

இரவு தெயோஃபிலோ இழுத்துப்போன இடத்தில்
ஒன்பது மேசை, மீன் சந்தையின் வாடை.
அவளுக்கு மட்டும் ஆறிய சூப், உறிஞ்ச வேண்டாம் என்ற எச்சரிக்கையோடு
ஒரு சின்னக் கரண்டி.
மேடை கிடையாது. சுவரோரம் நால்வர், ஐந்து நாற்காலி.
ஐந்தாவதில் யார் குழந்தையோ தூங்கியது.
பாடியவள் நைலாந்தியா.
காலையில் துறைமுகத்தில்
எங்கள் சீட்டைக் கிழித்தவளும் அவள்தான்.

மூன்றாவது பாட்டில் மின்சாரம் போயிற்று.
யாரும் நிறுத்தவில்லை.
ஒலிபெருக்கி இல்லாத குரல்
மேசைகளுக்கு அடியில், கால்களுக்கு நடுவே
பூனைபோல் வந்தது.
எட்னேயா காதுக்கருவியைக் கழற்றினாள்.
சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று பிறகு சொன்னாள்.
இருக்கலாம்.

அது எங்கள் வீட்டுப் பாத்திரம் கழுவும் பாட்டு.
இரண்டாவது சரணத்தில்
நைலாந்தியாவுக்கு வார்த்தை மறந்துவிட்டது.
நிறுத்த இடம் கிடைக்காத வேன்போல்
கித்தார் அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தது.

என் மனைவி எழுந்து நின்றாள்.
வாயில் பஞ்சு.
ம்ம், என்றாள். ம்ம்ம்ம்.
பிறகு மேசையைத் தட்டினாள்,
ஒவ்வோர் அசைக்கும் ஒரு தட்டு.
உப்புக் குடுவை உருண்டு என் மடியில் விழுந்தது.
நைலாந்தியா இருட்டில் இந்தப் பக்கம் திரும்பி
அந்தத் தட்டுகளின் மேலேயே பாடினாள்,
சொல் இல்லை, லா லா கூட இல்லை,
வெறும் மூச்சு, மேலே ஏறி இறங்கும் மூச்சு.
பிறகு மூன்றாவது சரணம்.
பிறகு விளக்கு வந்தது.
பிறகு பில்.

திரும்பும்போது கடல் எண்ணெய்போல் கிடந்தது.
ஜனில்சன் தன் பையை மடித்து
நினைவுக்கு என்று சட்டைப்பையில் வைத்தான்.

வீக்கம் வடிந்த மூன்றாம் இரவு
கழுவுதொட்டியின் முன் நின்று
அந்தச் சரணத்தை முழுசாகப் பாடினாள்,
எங்கள் பக்கம் திரும்பாமல்.
எட்னேயா கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டு
இரண்டாவது வரி தப்பு என்றாள் என் காதில்.
நான் தலையாட்டினேன்.
அவள் பார்த்துவிட்டாள்.

நாலு நாளாக வீட்டில்
ஒரே பாட்டு.