போகாத ஊருக்கு ஒரு மணி நேரம்

லோகையா, நாற்பத்தேழு வயது, 29சி ஓட்டுநர்.
பெரம்பூர் முதல் பெசன்ட் நகர் வரை
பத்தொன்பது வருஷம் உட்கார்ந்தபடியே போய் வந்தவர்
இப்போது நுங்கம்பாக்கத்தில், மூன்றாம் மாடியில்,
சக்கரம் தரையைத் தொடாத சைக்கிளில்
மிதித்துக்கொண்டிருக்கிறார்.

"இந்த வண்டிக்கு ஸ்டாப்பே கெடையாதா மேடம்?"

இருக்கிறது. அறுபதாவது நிமிஷம்.
அதுவரை அவர் முழங்கை மடிப்பில் ஓர் ஊசி,
என் கையில் ஊதா மூடிக் குழாய்கள்.

ரத்தம் எடுப்பவள் நான்.
அதைச் சுழற்றி, மேலே தெளியும் வைக்கோல் நிற நீரைத்
தொண்ணூற்றாறு குழித் தட்டில் சொட்டுச் சொட்டாக விடுபவள்.
கடைசியில் அமிலம் பட்டால் நீலம் மஞ்சளாகும்.
மஞ்சள் எவ்வளவு அடர்த்தியோ
அவ்வளவு இன்டர்லூகின்-ஆறு.

அந்தப் பெயரோடு எனக்குப் பழைய கணக்கு.

இரண்டாயிரத்து இருபது, ஜூலை.
கவச உடைக்குள் முதுகில் வேர்வை வழிய
இதே பெயரைச் சீட்டில் எழுதி அனுப்புவேன்.
நூற்றுப்பத்து. இருநூற்றெழுபது.
படிக்கட்டுக்குக் கீழே நின்ற மகன்கள்
"எவ்ளோ?" என்பார்கள், கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதுபோல.
எண்ணூறு என்று வந்த ராத்திரி
சீட்டை மடித்துக் கொடுத்தேன்.
முகத்தைப் பார்க்கவில்லை.

லோகையாவின் தட்டு:
மிதிக்கும் முன் மூன்று.
இறங்கும்போது இருபத்திரண்டு.
அந்த வருஷத்து எண்களுக்கு இது பொடி.
ஆனாலும் ஏறுவது ஏறுவதுதான்.
பைப்பெட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

கடைசிக் குழாய்க்குப் பிறகு அவர்
நாலு பிஸ்கட்டை டீயில் முக்கித் தின்றது
ஞாபகம் வந்தது. நன்றாகத்தான் இருந்தார்.
அந்தக் கடைசிக் குழாயில், ஐந்து.
பக்கத்துத் தட்டில், தணிக்கும் இன்டர்லூகின்-பத்து
மெல்ல எழுந்திருந்தது,
தண்ணி லாரி சத்தம் கேட்ட தெருவில்
குடங்கள் எழுவதுபோல.
மூட்டிவிடும் டி.என்.எஃப். அசையவே இல்லை.

தொப்பைக் கொழுப்பும் இதே மூலக்கூறைத்தான் சொட்டுகிறது
ராவும் பகலும், மூடாத தெருக்குழாய் மாதிரி.
ஊறி ஊறி ரத்தக்குழாய் புண்ணாகும்.
தொடை அப்படியில்லை.
சேர்த்துவைத்த சர்க்கரை தீரத் தீர ஒரு குரல் கொடுக்கும்:
ஈரலே, இருக்கிறதைக் கொண்டா.
வேலை ஓய்ந்ததும் வாயை மூடிக்கொள்ளும்.

எங்கள் ஓட்டேரிப் பக்கம் "இன்னா" என்று ஒரு வார்த்தை.
கட்டிப்பிடிக்கும்போதும் அதுதான்,
சட்டையைப் பிடிக்கும் முன்பும் அதுதான்.
யார், எங்கே நின்று, எவ்வளவு நேரம்
என்பதில் இருக்கிறது மீதி.

பன்னிரண்டு வாரம் முடிந்தது.
எடை இறங்கியது எழுநூறு கிராம்.
"இதுக்கா மேடம்?" என்றார், பெல்ட்டை இழுத்துக் காட்டி.
சும்மா இருக்கும்போது எடுத்த எண்ணைக் காட்டினேன்:
இரண்டு சொச்சம்.
ஒரு ஆள், ஒரு எண்,
இதை வைத்துச் சத்தியம் பண்ண முடியாது என்றும் சொன்னேன்.
சில்லறை மாதிரி வாங்கி
எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டார்.

நேற்று ஸ்டெர்லிங் ரோடு ஸ்டாப்பில் நிற்கிறேன்.
29சி வந்தது. நிற்கவில்லை.
நாற்பதடி தள்ளிப் போய் நின்றது.
பக்கக் கண்ணாடி முழுக்க லோகையாவின் பல்.
"ஓடியாங்க மேடம், ஓடியாங்க!
ஒடம்புக்கு நல்லது!"

ஓடினேன்.
சாப்பாட்டுப் பை இடுப்பில் இடிக்க,
செருப்பு வார் ஒன்று பிய்ய,
படிக் கம்பியைப் பிடித்துத் தொங்கி.
நாற்பதடிக்கு ஒரு குழிகூட மஞ்சளாகாது,
தெரியும் எனக்கு.

கண்டக்டர் கிழித்துத் தந்த மகளிர் சீட்டை
மடிக்காமல்
வைத்துக்கொண்டேன்.