வண்டி எண் நாற்பத்தொன்று

இந்தியானா, மன்சி. காலை ஐந்து ஐம்பது.
டீசல் உறுமும் முன்னே
என் முட்டிகள் உறுமிவிடும்.
கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்ட
காலாவதியான கடன் அட்டை ஒன்று வைத்திருக்கிறேன்.
அது எனக்குச் செய்த நல்லது இவ்வளவுதான்.

இருபத்து மூன்று வருடம்.
மைல் கணக்குப் பார்த்தால்
பூமியைப் பத்து தடவை சுற்றியிருப்பேன்,
ஹாய்ட் தெருவின் வாடகை வீட்டை விட்டு
ஒரு அடி நகராமலே.
அப்பா பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர்.
கியர் ஆலையில் ஒரே சம்பளம்,
இருபத்தாறு வயதில் சொந்த வீடு,
ஏரியில் தூண்டில் போட ஒரு படகு.
ஆலையிருந்த இடத்தில் இப்போது புல்.
நன்றாகத்தான் வளர்கிறது.

என் தம்பி ரஸ் அடித்துச் சொல்வான்:
உழைக்கிறவன் ஏறலாம், வெர்னா, இந்த நாட்டில்.
சொல்லிக்கொண்டே
மூன்றாவது வேலைக்குச் சாவி தேடுவான்.

ஏறு என்றால் ஏறுகிறார்கள்.
இறங்கு என்றால் இறங்குகிறார்கள்.
வேறென்ன தெரியும் எனக்கு இந்த இரண்டு சொல்லைத் தவிர.

ஆறாம் நிறுத்தம்.
லாமர் ஷெல்பி அங்கேதான் நிற்பான்,
ஷூவில் கயிற்றுக்குப் பதில் மின்கம்பி முறுக்கி.
இப்போது சிகாகோவில் வழக்கறிஞர்.
பள்ளி நடைக்கூடத்தில் சட்டம் போட்ட படம்.
வசந்தம் வந்தால் அவனும் வருவான்,
"என்னால் முடிந்ததென்றால்" என்று தொடங்குவான்,
மீதியைப் பிள்ளைகளே சொல்லி முடிப்பார்கள்.
பொய்யில்லை. ஏறினான். கண்ணால் பார்த்தேன்.

ஆனால் அந்தக் காலையில்
அதே கம்பத்தடியில் ஐந்து பேர் நின்றார்கள்.
படத்தில் இருப்பவன் பெயர் ஊருக்குத் தெரியும்.
மற்ற நால்வர் பெயர் எனக்குத் தெரியும்.
ட்ரிஸ்டா ஹாகன்பக்,
ஆவி படிந்த ஜன்னலில் விரலால் கணக்குப் போடுவாள்,
லாமர் அதைப் பார்த்துத்தான் எழுதுவான்.
பதினோராம் வகுப்பில் அம்மாவுக்குச் சிறுநீரகம் போயிற்று,
வாரம் மூன்று நாள் டயாலிசிஸ்,
காரோட்ட வீட்டில் வேறு ஆளில்லை.
அவ்வளவுதான் கதை.
அதில் சோம்பல் எங்கே வருகிறதென்று
ரஸ்ஸைக் கேட்க வேண்டும்.

ஏழே காலுக்கு இரண்டாம் சுற்று, வடக்கே.
அங்கே பிள்ளைகளுக்குக் குளிரக் கூடாதென்று
அம்மாக்கள் காருக்குள் வெப்பம் போட்டுக் காத்திருப்பார்கள்.
குழந்தை தாமதித்தால்
டிரைவர் ஏன் நிற்கவில்லையென்று மின்னஞ்சல் போகும்.
தெற்கே தாமதித்தால்
"பொறுப்பின்மை" என்ற கட்டத்தில்
நான் டிக் அடிக்க வேண்டும்.
பேனா பல மாதமாக எழுதவில்லை.
நானும் வேறு பேனா கேட்கவில்லை.

விதிப்படி பத்து விநாடி நிற்கலாம்.
ஆறாம் நிறுத்தத்தில் நிதானமாக எண்ணுவேன்.
ஒன்பது.
ஒன்பதேகால்.
ஒன்பதரை.
ஒன்பதேமுக்கால் ஆகும்போது
நீலத் தார்ப்பாய் மூடிய கூரைக்குக் கீழிருந்து
ஒரு சிறுமி ஓடி வருவாள், ஜிப் போடாத கோட்டோடு.
கிடங்கின் இரவு ஷிப்ட் முடிந்து
மேலங்கிப் பட்டைகள் மினுங்க
பின்னால் நின்று கையாட்டுவாள் ட்ரிஸ்டா.
அதே வீடு. அதே கம்பம்.
சிறுமியின் பெயர் ஜோலீன்.
ஏறியதும் கேட்டாள் நேற்று:
இந்த வண்டி ராத்திரி எங்கே போகும்?
எங்கேயும் போகாது, கண்ணே, நிற்கும்.
நம்பவில்லை.
ஜன்னலில் ஊதி, விரலால்
ஏதோ போடத் தொடங்கிவிட்டாள்.

தண்டவாளம் வந்தால் நிறுத்தியாக வேண்டும்,
அது சட்டம்.
எல்லோரையும் பேசாமலிருக்கச் சொல்லிவிட்டுக்
கதவைத் திறந்து காது கொடுக்க வேண்டும்.
நாற்பது பிள்ளைகள் மூச்சைப் பிடித்திருக்கிறார்கள்.
குளிர் ஏறி வருகிறது படியில்.
தூரத்தில் ஏதோ சத்தம்.
வருகிறதா, போகிறதா
இன்னும் தெரியவில்லை எனக்கு.